ரேணுகாவின் விரலிடுக்கு

1

டிரிங்! டிரிங்! டிரிங்! ஆபரேஷன் தியேட்டர் மணி. மரக்காணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காலை பத்தரை.

உண்மையில் இந்தக் கதை அந்த மணியில் பிறக்கவில்லை. டீக்கடையில் ஒரு நர்ஸ், "ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க கை கழுவுறதப் பார்த்தா சிரிப்பீங்க சார்" என்றார். அவர் விரல்களில் வெடிப்புகள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

2

என் நாயகி ரேணுகா. தியேட்டர் நர்ஸ். லீவு நாளில் அண்ணனோடு உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாருகிறவள். 'உப்பைப் போல வெள்ளை மனம் கொண்ட அவள்...' (வேண்டாம், அடித்துவிட்டேன்.)

நேற்று வாரியதில் விரலிடுக்கு வெடித்துவிட்டது. கையில் காயத்தோடு தியேட்டருக்குள் போகக்கூடாது, அவளுக்குத் தெரியும். ஆனால் உப்பளத்துப் பெண். 'உப்புத்தண்ணி பட்ட புண்ணு சுத்தமாத்தான் இருக்கும்' என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம். கோபம் வந்தால் பாத்திரம் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம்.

3

மணி அடித்தது ஆராயிக்காக. உப்பளத்தில் பக்கத்துப் பாத்திக்காரரின் மனைவி, தலைப்பிரசவம். வயிற்றில் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே சிசேரியன். கருவி எடுத்துக் கொடுக்க ரேணுகாதான். மாற்று நர்ஸ் கோட்டக்குப்பத்திலிருந்து வந்து சேர முக்கால் மணி நேரம்.

டாக்டர் சத்யப்ரியாவும் அவளும் பக்கம்பக்கமாக நின்று சோப்பு போட்டு, நகத்தடி சுத்தம் செய்து, துடைத்தார்கள். பிறகு ஹேண்ட் ரப்.*

"என்னம்மா, கண்ணு கலங்குது?"

"மாஸ்க் இறுக்கமா இருக்குது மேடம்."

"மாஸ்க்க கண்ணுலயா கட்டியிருக்க?"

"கைய காயவிடுங்க மேடம். உள்ள புள்ள காத்திருக்குது."

* முன்பு முழங்கைவரை பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். தோல் கிழிந்ததுதான் மிச்சம். இப்போது ஆல்கஹால் கலந்த திரவம். விரல் நுனியில் தொடங்கி முழங்கைவரை பூசி, தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல தோலில் குளிரும். வெடிப்பில் நெருப்பு.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரேணுகா உண்மையைச் சொல்கிறாள். பழக்கமில்லாத வார்டு சிஸ்டரை அழைக்கிறார்கள், நேரம் ஓடுகிறது, குழந்தை... இன்னொன்றில் சொல்லவில்லை. குழந்தை வீறிட்டு அழுகிறது. நான்காம் நாள் ஆராயியின் தையலில் சீழ்.

இரண்டையும் கிழித்தேன். ஒரு விஷயத்தை மறந்திருந்தேன்: ஆராயி மயக்கத்தில் இல்லை. இடுப்புக்குக் கீழேதான் மரத்திருக்கிறது.

ரேணுகா கையுறை மாட்டிக்கொண்டு மேஜையருகே வந்தாள். டாக்டர் இன்னும் கத்தியைக் கேட்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை ஆராயி அடையாளம் கண்டுகொண்டாள். இதற்குப் பிறகு டாக்டர் என்ன செய்தார் என்பதை நீங்கள் எழுதுங்கள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"ரேணுகாக்கா, நீயா! நேத்து என் முந்தானியக் கிழிச்சி உன் விரல்ல கட்டுனனே, ரத்தம் நின்னுடுச்சா?"