சோடியத்தின் கடைசிப் புள்ளி

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. அணுவுக்குள் புரோட்டானும் எலெக்ட்ரானும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால்தான், தொட்ட கதவுப்பிடியெல்லாம் மின்சாரம் பாய்ச்சி நம்மை உதறித் தள்ளாமல் இருக்கிறது என்று படித்தேன். கணவன் புரோட்டான், மனைவி எலெக்ட்ரான் என்று ஒரு குடும்பக் கதையை ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றியது. முதல் வரி:

அவள் அவனையே சுற்றிச் சுற்றி வந்

வேண்டாம். எனக்கே கூசுகிறது.

2

ஆகவே, அக்காவும் தங்கையும். அக்கா பள்ளிப் பாடநூலுக்கு வேதியியல் பாடங்கள் எழுதியவள். அட்டையில் முதன்முறையாக அவள் பெயர் வரப்போகிறது. அந்த நூலை வெளியிடும் பதிப்பகத்தில்தான் தங்கை படம் வரைகிறாள். அக்கா சொல்லிக் கிடைத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை.

சோடியம் அணுவை வரைய வேண்டும். நடுவில் பதினொரு புரோட்டான். சுற்றிலும் வளையங்களில் இரண்டு, எட்டு, ஒன்று எனப் பதினொரு எலெக்ட்ரான். இரண்டும் எட்டும் பாங்காக உட்கார்ந்துவிட்டன. வெளிவளையத்து ஒற்றைப் புள்ளி மட்டும் மை தெறித்ததுபோல் உறுத்தியது. தங்கை அதை அழித்தாள். புள்ளி இல்லாத வளையம் எதற்கு என்று அதையும் அழித்தாள்.

(அவளுக்கு எண்ணத் தெரியாதா என்பீர்கள். தெரியும். அழகு குறுக்கே வந்தால் எண்ணிக்கை ஒதுங்கிக்கொள்ளும். எழுதுகிறவர்களைக் கேளுங்கள்.)

அக்கா சரிபார்த்தாள். புரோட்டான்களை எண்ணினாள்; எலெக்ட்ரான்களை எண்ணவில்லை. தங்கை வரைந்ததாயிற்றே. கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினாள்.

3

மறுநாள் அச்சு ஓடத் தொடங்கியதும், அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். (இந்த மௌனத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். தாண்டிப் போய்விடுவீர்கள் என்று வெட்டிவிட்டேன்.)

"ஒண்ணு குறையுதேடி."

"அது பாக்க நல்லா இல்லக்கா."

"நல்லா இல்லன்னா எடுத்துடுவியா? உன்னையெல்லாம் நான் வீட்டுல வச்சிருக்கேன்."

தங்கை அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எலெக்ட்ரான் ஒன்றை இழந்தால் அது அயனி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட வேண்டும் என்று அக்காவே எழுதியிருந்தாள். அந்தக் குறியைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்டாள்.

"படம் சரியாயிடும். அணு நடுநிலையானதுன்னு கீழ எழுதியிருக்கேனே, அது பொய்யாயிடும்."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் பதிப்பாளர் காரணம் கேட்பார். வரைந்தவள் தப்பு என்றால் தங்கைக்கு வேலை போகும். பார்த்தவள் தப்பு என்றால் அட்டையில் அக்கா பெயர் போகும்.

4

பழியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, எல்லாம் நடுநிலையானது என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். அணுவுக்கு அது பொருந்தும். பதிப்பாளருக்கு ஒரே ஓர் ஆள்தான் வேண்டும்.

இன்னொரு முடிவு: யாரும் வாயைத் திறக்கவில்லை, புத்தகம் வெளிவருகிறது, எந்த ஆசிரியரும் அதைக் கவனிக்க

(நடக்கக்கூடியதுதான். அதனாலேயே நிறுத்திக்கொண்டேன்.)

தொலைபேசிக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். அச்சகக்காரர் பிறகு பதிப்பாளரிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பெண் பேசினார், மெஷினை நிறுத்தச் சொன்னார், தப்பு தன்னுடையது என்றார், யாரென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அக்காவுக்கும் தங்கைக்கும் குரல் ஒன்றுபோல இருக்கும்.

இதோ, பதிப்பாளர் படியேறி வந்துவிட்டார்.

"ஃபோன்ல பேசினது யாரு?"

"நான்தான் சார்" என்று இருவரும் சொன்னார்கள். ஒருத்தி சொல்வது பொய். யார் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாரைக் காட்டிக்கொடுத்தாலும், தப்பித்தவள் உங்களை மன்னிக்கமாட்டாள்.