வெள்ளைக் குருவியின் சிவப்பு அலகு

ஜெயசுதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கள்ளக்குறிச்சியில் அந்தத் தெருவுக்கே அது தெரியும். அவள் கணவன் சிவசங்கருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"ரெண்டும் ஆணு. உங்களப் பாத்தா யாருக்கும் ஏமாத்தத் தோணும்" என்று காலையிலிருந்து அவனைப் பிடுங்கி எடுத்தாள்.

எல்லாம் கூண்டிலிருந்த இரண்டு வெள்ளைப் பின்ச் குருவிகளால் வந்தது. சாம்பல் நிறப் பின்ச் என்றால் கவலையே இல்லை. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும், பெட்டைக்கு இருக்காது. வெள்ளையில் அந்தத் திட்டே கிடையாது, அலகைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு வெளிறிய ஆரஞ்சு. ஜோடி என்று சொல்லித்தான் சின்னசேலத்துக் குருவிக்கடை ஷேக் பரீத் பாய் கொடுத்திருந்தார். இப்போது பார்த்தால் இரண்டின் அலகும் சிவப்பு. போதாததற்கு ஒன்று மற்றதை ஓட ஓட விரட்டியது.

"நாளையிலேர்ந்து மறியலாம் சுதா. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்கு ரோட்ட மறிக்கப் போறாங்க."

"நாளைக்குத்தான? இன்னிக்கே போய் மாத்திக்கினு வாங்க. மாத்தாம வூட்டுக்குள்ள கால வெக்காதீங்க."

அவன் ஒரு குருவியைப் பிடித்து, ஓட்டை போட்ட செருப்பு டப்பாவில் விட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

நாளை வரை யாரும் காத்திருக்கவில்லை. சாயங்காலமே சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "சின்னசேலம் ரோட்டுல ஒரு வண்டி வர்ல. பஸ்ஸக் கொளுத்திட்டாங்களாம். போலீசு சுட்டுட்டாங்கன்னுகூடப் பேசிக்கிறாங்க. உன் வூட்டுக்காரரு வந்துட்டாரா?"

ஜெயசுதா தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கூண்டுக்குள் குருவி அடையும் மண்கலயத்தைக் கழுவலாம் என்று வெளியே எடுத்தாள். உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு முட்டை.

ஆண் முட்டையிடுமா? மிச்சமிருந்த குருவியைப் பிடித்து, முந்தானையை நனைத்து அதன் அலகைத் துடைத்தாள். சிவப்பு முழுவதும் துணியோடு வந்தது. அடியில் வெளிறிய ஆரஞ்சு.

அவள் பார்வை கூண்டுக் குச்சிக்குப் போனது. அம்மிக்கும் அடுப்புக்கும் வைப்பதுபோல வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குச்சிக்கும் குங்குமம் குழைத்து வைப்பது அவள்தான். குருவி தின்றுவிட்டு அலகைத் தேய்ப்பதும் அதே குச்சியில்தான்.

பாய் ஏமாற்றவில்லை. விரட்டியது சண்டையும் இல்லை, ஆண் பெட்டையைக் கொஞ்சியதுதான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அந்த மனிதனை நெருப்புக்குள் அனுப்பியிருக்கிறாள். முந்தானையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கசக்கிக் கசக்கி அலசினாள். கறை போகவில்லை. பொழுது விடியும் வரை கண்ணை மூடவில்லை.

வெயில் ஏறிய பிறகு வாசலில் நிழல் தட்டியது. சிவசங்கர். முட்டியில் சிராய்ப்பு, காலில் செருப்பில்லை. டப்பாவை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தான். உள்ளே குருவி கீச்சிட்டது.

"கோச்சிக்காத சுதா, மாத்த முடியல. பாய் கடை மூடிக் கெடந்துது. கடைசி பஸ்ஸு அப்ப நின்னுகினுதான் இருந்துது. மாத்தாம வந்தா கத்துவியேன்னு, பாய் வந்துருவாருன்னு அங்கயே ஒக்காந்துட்டேன். பொறவு பஸ்ஸே இல்ல. மரமா தாண்டித் தாண்டி நடந்தே வந்தேன்."

ஊர் எரிகிறதே என்று இவள் விடிய விடிய நடுங்கியிருக்க, அந்த மனிதன் பயந்தது இவள் வாய்க்கு. இப்போதும் வாசற்படிக்கு வெளியேதான் நின்றான்.

உள்ளே வரச் சொல்ல ஜெயசுதா வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.