வியாழக்கிழமைக் கதிர்

அண்ணனுக்கு மூச்சு நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணி வயல் மேட்டில் நின்று, சோளக்கதிரிலிருந்து ஒரு விதையை நகத்தால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வந்த தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன அண்ணி இது?"

"பால் கெட்டியாயிடுச்சு. இன்னிக்கே அறுக்கணும்."

விளக்குமாற்றுக்கென்றே விதைக்கிற சோளம் அது. ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து, உச்சியில் முழ நீளத்துக்குக் குச்சிக் கொத்து விடும். விதைப்பால் கெட்டியான கையோடு, பச்சையில் அறுத்தால்தான் குச்சி வளையும். ஒரு நாள் தப்பினால் சிவந்து நொறுங்கிப் போகும், வருஷத்துப் பாடு குப்பைதான். அந்த நாளைக் குறிப்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் முப்பது வருஷமாக ஆகாது.

"நேத்து சாயங்காலம்கூட நான் கொண்டுவந்து காட்டின கதிரைப் படுக்கையிலேயே தடவிப் பாத்துட்டு 'வியாழக்கிழமை'ன்னாரே அண்ணன்?"

"நாளைக்குத்தான் வியாழக்கிழமை, அவரைத் தூக்கணும். ரெண்டு வேலையையும் ஒரே நாள்ல வச்சுட்டுப் படுத்துக்கிட்டாரு பாரு, கெட்டிக்காரர்!"

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணியும் சிரித்தாள்.

"பெரியவன் வந்து சேர ராத்திரியாகும். அதுவரைக்கும் உங்கண்ணன் எங்கயும் போயிட மாட்டாரு. கத்தி எடு."

துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருவர் சட்டையைக் கழற்றினார். மதியத்துக்குள் பதினாறு பேர் வயலில் இருந்தார்கள்.

"செத்தும் வேலை வாங்குறான்யா!" என்றார் அண்ணனின் மச்சான் ஒருவர். எல்லாருக்கும் கழுத்தெல்லாம் சுணை, அரிப்பு. சொறிந்துகொண்டே அண்ணனைப் பற்றிக் கதை சொன்னார்கள், ஒன்றைவிட ஒன்று பெரிய பொய்யாக.

வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசைக்கு வந்தபோது அண்ணி கை நின்றது. விதையைக் கிள்ளினாள். தண்ணீராகப் பால் தெறித்தது.

"ஏய், நேத்து அவர்கிட்ட எந்தக் கதிரைக் காட்டினே?"

"இங்கேர்ந்துதான் ஒடிச்சேன். அண்ணன் எப்பவும் ஈரப்பக்கம்தானே பாப்பாரு?"

அண்ணி கதிரைப் பார்த்தாள். மேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எப்பவும் மேட்டுல பாப்பேன்," என்றாள் மெதுவாக. "முப்பது வருஷம்... அட லூசு மனுஷா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆளுங்க இருக்கும்போதே இதையும் அறுத்துடலாமா அண்ணி?"

"அதைத் தொடாதே. அது அவர் சொன்ன நாள்ல."

பொழுது சாயும் நேரம் எல்லாரும் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணியைக் காணோம். தங்கை எட்டிப் பார்த்தாள். மொட்டையடித்த வயலில் இரண்டு வரிசை மட்டும் நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் உள்ளே யாரோ தடவிக்கொண்டே நடப்பதுபோல் கதிர்கள் ஒவ்வொன்றாக அசைந்தன, வாய்க்கால் முனை வரைக்கும். பிறகு அங்கிருந்து திரும்பி, மெதுவாக, இந்தப் பக்கம்.