தொட்டிக்குப் பசி வந்த நாள்

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்தபோது சமையல் மாஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். குழாயில் உஸ்ஸென்று வாயு வருகிறது, ஆனால் பற்ற மாட்டேன் என்கிறது.

"என்னம்மா, உங்க தொட்டி வெறும் பெருமூச்சா விடுது?"

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு தொட்டியடிக்கு ஓடினாள். விடுதியில் மிஞ்சுகிற சாப்பாடு, காய்கறித் தோல், தோட்டத்தில் வெட்டிய புல், உதிர்ந்த இலை எல்லாவற்றையும் அரைத்து அதற்குள் விடுவது அவள் வேலை. காற்றே புகாத அந்த இருட்டில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று அடுப்புக்கு எரிவாயு கொடுத்துவிடும். கழிவு வெளியேறும் வாயிலில் ஒரு குவளைக் குழம்பு எடுத்து முகர்ந்தாள். மூக்கைத் துளைக்கும் புளிப்பு. லிட்மஸ் தாளை நனைத்தாள். குப்பென்று சிவந்தது. தாளோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

"மாஸ்டர், நான் லீவுல இருந்தப்ப உள்ள என்ன போட்டீங்க?"

மாஸ்டர் கூரையை ஆராய ஆரம்பித்தார். "ஆண்டு விழா சாப்பாடு மிஞ்சிப்போச்சும்மா. இனிப்பு மட்டுமே அண்டா அண்டாவா. குப்பைக்குப் போறதுக்கு தொட்டிக்குள்ள இருக்கிற உங்க பிள்ளைங்களாவது ஒருநாள் நல்லா சாப்பிடட்டுமேன்னு..."

கோபப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொட்டிக்குள் இரண்டு கூட்டம் குடியிருக்கிறது. முதல் கூட்டம் அவசரக்குடுக்கை. இனிப்பைக் கண்டால் விழுந்தடித்துத் தின்று அமிலமாகவும் எரியாத வாயுவாகவும் மாற்றித் தள்ளிவிடும். அந்த அமிலத்தை நிதானமாகத் தின்று எரிகிற வாயுவாக மாற்றுவது இரண்டாவது கூட்டம். அமிலம் அளவு மீறினால் இது மூச்சுத் திணறிப் படுத்துவிடும். இப்போது படுத்துவிட்டது.

அன்று மாலையே விடுதி மேனேஜர் வந்து பார்த்தார். அடுத்த வாரமும் எரியவில்லையென்றால் தொட்டியை மூடிவிட்டு அங்கே சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சாதாரணம் இல்லை. முதல் வாளி ஊற்றியதிலிருந்து கூடவே இருந்து வளர்த்த தொட்டி அது.

தொட்டிக்கு உணவை நிறுத்தினாள். சுண்ணாம்பைக் கரைத்து அளந்து ஊற்றினாள். ஆனால் படுத்தவர்களை எழுப்ப ஆரோக்கியமான இன்னொரு தொட்டியிலிருந்து உயிருள்ள குழம்பு வேண்டும். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது ஒரே இடத்தில்தான். அவள் மாமனாரின் மாட்டுப் பண்ணையில்.

மாமனார் நல்ல மனிதர். மருமகளின் வேலையைத் தவிர அவளிடம் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "கேஸ் கம்பெனியில இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் செய்தித்தாளோடு மாடிக்குப் போய்விடுவார். நாள் முழுக்கச் சாணியில் நிற்கிறவர்தான். ஆனால் அவர் கணக்கில் சாணி சுத்தம், ஊரார் எச்சில் அழுக்கு. இதைச் சொல்லிச் சொல்லி அவளும் கணவனும் அறைக்குள் சிரித்துக்கொள்வார்கள். போய்க் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

"மாமா, நம்ம சாணித் தொட்டியிலேர்ந்து கொஞ்சம் குழம்பு வேணும். எங்க தொட்டிக்கு உடம்பு சரியில்ல."

அவர் மாட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தொட்டிக்கு என்னம்மா உடம்பு?"

"அஜீரணம்."

கை நின்றது. திரும்பிப் பார்த்தார். அவள் முழுக்கதையையும் சொன்னாள். கடைசியில் தயங்கித் தயங்கி, "மாட்டுக்கு சமீபத்துல ஏதாவது ஊசி போட்டீங்களா மாமா?" என்றாள்.

"ஏன், என் மாட்டுக்கு என்ன கேடு?"

"கேடுன்னு சொல்லல. கிருமிய கொல்ற மருந்து சாணியோட வந்தா, நல்ல கிருமியும் சேர்ந்து செத்துரும். அதான்."

அவர் வாளியில் கையைக் கழுவினார். பிறகு கொட்டகையின் கோடியைக் காட்டினார். அங்கே ஒரு செவலைப் பசு தனியாகக் கட்டியிருந்தது. "அதுக்கு மடிவீக்கம். ஊசி போட்டிருக்கு. அது சாணிய எருக்குழியிலதான் போடுறேன். முன்ன ஒரு தடவ தொட்டியில போட்டு கேஸ் வரவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஏன்னு தெரியல."

"இதேதான் மாமா!"

"இதேதானா?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை.

டிரம்களை அவரே நிரப்பினார். வேனில் பின்னால் ஏறி மூடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேகத்தடையில் வண்டி குதித்தபோது வெள்ளைச் சட்டை பாழானது. "மெதுவாப் போப்பா, உள்ள உயிர் இருக்கு!" என்று டிரைவரை அதட்டினார்.

மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு விடுதி வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் ஒரு வேலை என்றார். அதற்கடுத்த நாளும் அதே வேலை. "பசங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். அவள் லிட்மஸ் தாளைக் காட்டுவாள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. காய்ந்த இலையும் புல்லுமாக, கழிச்சல் கண்ட கன்றுக்குக் கொடுப்பது போலக் கையளவு கொடுத்துப் பார்த்தார்கள். நடுவில் மாஸ்டர் பாவப்பட்டு ஒரு கிண்ணம் சோற்றோடு வந்தார்.

மாமனார் வழியை மறித்தார். "டாக்டரம்மா சொல்லாம ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது."

யாரைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

ஒரு காலை, அவள் குச்சியைக் கிழித்துக் குழாயருகே கொண்டுபோனாள். டப்பென்று ஒரு சத்தம். ஜுவாலை ஒருமுறை மஞ்சளாகத் தடுமாறி, பிறகு நீலமாக நிலைத்து நின்றது. மாஸ்டர் விசிலடித்தார். மாமனார் குனிந்து, கண்கொட்டாமல் பார்த்தார். மாஸ்டர் அவசரமாகத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். சத்தம் கேட்டு வந்த மேனேஜரின் கையில் முதல் டம்ளரைத் திணித்தார். மேனேஜர் ஊதி ஊதிக் குடித்தார். "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் இன்னொரு டம்ளர் கேட்டார்.

அவர்கள் டம்ளரோடு பின்பக்கம் வந்தார்கள். தொட்டியின் மேல் மிதக்கும் இரும்பு மூடி வெயிலில் இதமாகக் காய்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அடியில் வாயு சேரச் சேர, மூடி பூனையையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல மேலே எழுந்தது. பூனை வாலை மட்டும் ஒருமுறை அசைத்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.