எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே

கீதனுக்கும் நிரூபாவுக்கும் கார்த்திகையில் எழுத்து முடிந்தது. தாலிகட்டு வைகாசியில். கலியாணப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தாயிற்று என்றாலும், தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான். நிரூபா மோர்னிங்சைட்டில் தாயோடு இருந்தாள். கீதன் டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் தனியாக இருந்தான். ஸ்காபரோவில் குடியேறிய தமிழர் ஒருவரும் இதைப் புதினமாகப் பார்ப்பதில்லை.

பங்குனியில் வருமானவரிப் படிவத்தை வழமைபோலக் கீதனே கணினியில் நிரப்பினான். மணநிலை என்ற இடத்தில் போன வருடத்துப் பதில் தானாகவே வந்து நின்றது: துணையை இழந்தவர். முதல் மனைவி ஷாமிலா இறந்து நான்கு வருடம். அந்தச் சொல்லை எடுத்தால் அவளையும் எடுத்துவிடுவதுபோல இருந்தது. இன்னும் தாலி கட்டவில்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு அதை அப்படியே விட்டான்.

அனுப்புவதற்கு முன் றஜிதாவிடம் காட்டுவோம் என்று சொன்னது நிரூபா. றஜிதா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பிளாசா ஒன்றில், சேலைக்கடைக்கு மேலே, வரிப் படிவம் செய்து கொடுக்கிறாள். சனிக்கிழமை இருவரும் மடிக்கணினியோடு போனார்கள்.

றஜிதா திரையைப் பார்த்தாள். நிரூபாவைப் பார்த்தாள்.

“என்னடி, நீ செத்துப்போனியோ?”

சொன்ன பிறகுதான் ஷாமிலாவின் நினைவு வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது கீதன். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“தாலி இன்னும் கட்டேல்லை,” என்றான்.

“தாலிக்கு இதிலை பெட்டி இல்லை அண்ணா. டிசம்பர் முப்பத்தொண்டிலை நீங்கள் மரீட். ஆளுக்கொரு வீட்டிலை இருந்தாலும் அப்பிடித்தான். சண்டை பிடிச்சுப் பிரிஞ்சால்தான் வேறை கதை.”

“எங்களுக்கு அம்மா சண்டை பிடிக்கவே நேரம் தாறா இல்லை,” என்றாள் நிரூபா.

றஜிதா விளக்கினாள். நிரூபா இன்னும் படிக்கிறாள், வருமானம் குறைவு. ஆகவே அவளைக் காட்டிக் கீதன் வாழ்க்கைத்துணைக்கான கிரெடிட் எடுக்கலாம், அவனுடைய வரி குறையும். ஆனால் நிரூபாவுக்குத் தனி ஆள் என்று அரசாங்கம் அனுப்பிக்கொண்டிருந்த ஜிஎஸ்டி உதவிக் காசை இனி இருவருடைய வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணிப்பார்கள். எழுத்து முடிந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவித்திருக்க வேண்டும்.

“ஜனவரியிலை வந்ததைத் திருப்பிக் கேப்பாங்கள்.”

“அது சப்பாத்தாப் போச்சு,” என்றாள் நிரூபா. “கலியாணத்துக்குக் காலிலை போட வாங்கிப்போட்டன்.”

கீதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதை மாத்தினா, ஷாமிலாவின்ரை...” என்று தொடங்கி நிறுத்தினான்.

றஜிதாவுக்கு விளங்கியது. “அந்த வருசங்களின்ரை படிவம் அப்பிடியே இருக்கும் அண்ணா. அதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது. இது போன வருசத்துக்கு மட்டும்.”

மாற்றுவதற்காக அவள் கையை நீட்டினாள். நிரூபா தடுத்தாள்.

“நீ விடு. அவர் மாத்தட்டும்.” பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “மாத்தாட்டிலும் பரவாயில்லை எண்டு நான் சொல்லமாட்டன். மாத்தாட்டில் எனக்கு நோகும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கீதனுக்கு அது பிடித்திருந்தது. நான்கு வருடமாக எல்லோரும் அவனிடம் பரவாயில்லை என்றுதான் சொல்லி வந்தார்கள்.

அவன் மவுஸைப் பிடித்தான். பழைய சொல் போனது, புதியது வந்தது. உடனே கீழே வரிசையாகப் பெட்டிகள் திறந்தன. துணையின் பெயர். எழுதினான். பிறந்த திகதி. எழுதினான். சமூகக் காப்புறுதி எண்ணை நிரூபா சொல்லச் சொல்ல அடித்தான். மணநிலை எப்போதிருந்து மாறியது என்று திரை கேட்டது. கார்த்திகைத் திகதியை ஒருவரையும் கேட்காமல் அடித்தான்.

“அட, திகதி ஞாபகம் இருக்கே!” என்றாள் நிரூபா.

“மறப்பனே? அண்டைக்குத்தானே எனக்குக் கலியாணம்.”

றஜிதா எழுந்து தேநீர் ஊற்றப் போனாள்.