கார் சொல்லாத பயணம்

யாழ்ப்பாணம் குருநகரில் எமில்ராஜிடம் வாடகைக்கு ஓடும் கார்கள் மூன்று இருந்தன. அவற்றில் புதியது ஒரு ஹைபிரிட். அது எங்கே போனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது, என்ன வேகத்தில் ஓடியது எல்லாம் அவருடைய போனில் வந்து விழும். முன்கண்ணாடியில் பூட்டிய கமெரா உள்ளே கதைப்பதையும் பதிந்து வைக்கும். களவுக்கும் விபத்துக்கும் பயந்துதான் அதையெல்லாம் செய்வித்தார். போகப்போக, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு சுகமாகிவிட்டது.

அந்தக் காரை ஓட்டுகிறவள் றஜனி. பாஷையூர்க்காரி. "றஜனி அக்கா வருவாவோ?" என்று கேட்டுத்தான் பெண்கள் பலர் கார் பிடிப்பார்கள்.

ஒருநாள் காலை உரும்பிராயில் இருந்து மார்க்கண்டர் வந்தார். அவர் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வாகனம் போவது எமில்ராஜிடமிருந்துதான். மார்க்கண்டரின் தங்கை மகனுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண் அச்சுவேலி, பெயர் நிவேதனா.

"பிள்ளை நல்ல பிள்ளைதான் தம்பி. ஆனா வியாழக்கிழமையிலை உம்மடை காரிலை எங்கையோ போய்வாறாவாம். கேட்டால் அலுவல் எண்டினம். உம்மடை போனிலை எல்லாம் தெரியுமாமே, ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

எமில்ராஜுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. கலியாணம் என்றால் நாலு பேரிடம் விசாரிப்பதுதானே வழக்கம்? போனை எடுத்தார். வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்த றஜனி துணியோடு உள்ளே வந்தாள்.

"அண்ணை, அதைத் திறக்காதேங்கோ."

மார்க்கண்டர் சிரித்தார். "ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாட்டி பயம் என்னத்துக்குப் பிள்ளை?"

"பயமில்லை ஐயா. அவ எங்களை நம்பி ஏறினவ. எங்கை இறங்கினவ எண்டது அவவின்ரை விசயம்."

"நீர்தானே ஓட்டினனீர். நல்ல இடமோ, கூடாத இடமோ, அதையாவது சொல்லும்."

"அதையும் சொல்லமாட்டன். இண்டைக்கு ஒரு ஆளுக்கு நல்ல இடம் எண்டு சொல்லிப்போட்டு, நாளைக்கு இன்னொரு ஆளுக்குப் பேசாமல் நிண்டால், பேசாமல் நிண்டதே கூடாத இடம் எண்டு சொன்ன மாதிரித்தானே?"

மார்க்கண்டரின் முகம் சிவந்தது. றஜனி குரலை உயர்த்தவில்லை.

"மாசியிலை ஐயாவும் இந்தக் காரிலை போய்வந்தனீங்கள். அதுவும் உதுக்குள்ளை கிடக்கு. நாளைக்கு ஆரும் வந்து கேட்டால் நாங்கள் பாத்துச் சொல்லுறதோ?"

"அதுவும் கிடக்கோ?" என்றார் அவர், தணிந்து.

"ஓம் ஐயா. உள்ளுக்குக் கதைச்சதும் கிடக்கு. ஆருக்கும் குடுக்கமாட்டம். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

மார்க்கண்டர் எழுந்தார். "கலியாணத்துக்கு நான் வேறை இடத்திலை வாகனம் பாக்கிறன்" என்று எமில்ராஜிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

"எத்தினை வருசத்து ஆள் தெரியுமே?" என்று எமில்ராஜ் பாய்ந்தார். "தெரியும் அண்ணை" என்றாள் அவள். மயிலிட்டிக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எமில்ராஜ் தனியே இருந்தார். போன் கையில்தான் இருந்தது. வியாழக்கிழமையைத் தொட்டால் போதும், தெரிந்துவிடும். விரல் துருதுருத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: நிவேதனா வியாழன்தோறும் போகும் இடம் இந்த றஜனிக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேருடைய ஆஸ்பத்திரி, எத்தனை பேருடைய கோட்டு வழக்கு, கச்சேரிக் கந்தோர் அலுவல், கண்ணீர் எல்லாம் தெரியும்! ஒரு சொல் அவருக்கே சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேரின் சங்கதி அறிந்த ஒருத்திக்கு ஊரில் ஒருவரும் பயப்படவில்லை. ஓடோடி வந்து அவள் காரில்தான் ஏறுகிறார்கள். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த கிழமை நிவேதனாவே வந்தாள். கூடவே மாப்பிள்ளைப் பெடியனும். றஜனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மார்க்கண்டர் மாமா வீட்டுக்குப் போய்க் கத்தினவராம், கார்க்காரர் வாயே திறக்கேல்லை எண்டு. இவர் நேரை வந்து என்னட்டைக் கேட்டார். சொன்னனான்."

"நான்தான் முதலே கேட்டிருக்க வேணும்" என்றான் பெடியன் வெட்கத்தோடு. "கலியாணத்துக்கு வாகனம் இஞ்சைதான் அண்ணை. மாமாவோடை நான் கதைக்கிறன்."

நிவேதனா அவனிடம் என்ன சொன்னாள் என்று எமில்ராஜ் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருக்கே பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரமே கமெரா பூட்டினவனைக் கூப்பிட்டார். உள்ளே குரல் பதிவதை நிற்பாட்டச் சொன்னார். பழைய பயணங்கள் தானாகவே அழியும்படி செய்யச் சொன்னார்.

"எல்லாம் இருந்தால் நல்லதுதானே அண்ணை?" என்றான் அவன்.

"கார் இப்ப எங்கை நிக்குது எண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும் தம்பி."

பிறகு ஒரு மட்டையில், இந்தக் கார் எதைப் பதிகிறது, எதைப் பதியாது என்று தன் கையால் எழுதி, முன் ஆசனத்தின் பின்புறத்தில் ஒட்டினார். றஜனி குனிந்து வாசித்தாள்.

"எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ அண்ணை. வயசான ஆக்களும் ஏறுவினமெல்லே."

எமில்ராஜ் மட்டையைக் கழற்றிக்கொண்டு பேனை தேடப் போனார்.