அரம் தின்ற பெயர்

ஒகயாமாவில் வாள் சேர்ப்பவர்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை சமுதாயக்கூடத்து மாடியில் கூடுவார்கள். அந்த ஞாயிறு எல்லோருடைய கண்ணும் ஓமோரி புதிதாக வாங்கிய வாள் மேல்தான். ஓமோரிக்கு நான்கு மலைச்சரிவு நிறையப் பீச் தோட்டம். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பெரிய ஆசான் ஒருவர் அடித்த வாளாம். கையொப்பம் கிடையாது, வேலையை வைத்து அடையாளம் கண்டது என்றார்.

கால்நடை வைத்தியர் நிஷிகோரியின் முறை வந்தது. தலை வணங்கி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு சாண் மேலே, இரும்பின் ரேகைக்குள் அரிசி முனை அளவில் ஒரு பிளவு. பதினான்கு வருஷம் அவர் வீட்டில், அவர் கையால் எண்ணெய் பூசித் துடைத்த பிளவு.

கைப்பிடியைக் கழற்றியிருந்ததால் அடிப்பகுதி வெறுமையாக இருந்தது. அங்கேதான் வாள் அடித்தவன் தன் பெயரை உளியால் வெட்டுவான். இந்த வாளில் மொரிஹிசா என்ற, யாரும் பெரிதாக மதிக்காத மலைநாட்டுக் கொல்லன் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தான். இப்போது அங்கே ஒன்றுமில்லை. நான்கு விரல் நீளத்தை அறுத்துவிட்டு, மிச்சத்தை அரத்தால் ராவி, ஏதோ திராவகம் பூசித் துருப்பிடிக்க வைத்திருந்தார்கள். நிஜமான பழைய துரு கையில் ஒட்டாது. இது சீழ் கட்டிய புண்ணின் பொருக்கு மாதிரி விரலில் பிசுபிசுத்தது. புளித்த வாடை வேறு. சீழும் சாணமும் பார்த்துப் பழகியவரே விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

வாளை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அதை விற்றுக் கொடுத்த தரகர் குபோகியைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"என்ன டாக்டர், மூஞ்சி செத்துப் போச்சு? மாடு ஏதாச்சும் உதைச்சிடுச்சா?"

"அது மொரிஹிசாதானே? போன வருஷம் நான் உங்ககிட்ட குடுத்தது."

"மெதுவா பேசுங்க."

"பேரு எங்கய்யா?"

குபோகி சிரித்தார். "நீங்கதானே சொன்னீங்க, வேலை நல்ல வேலை, இந்தப் பேருதான் கெடுக்குதுன்னு? கெடுத்ததை எடுத்துட்டேன். அவ்வளவுதான்."

சொன்னதுதான். விற்பதற்கு முன், ஒரு வருஷக் கடைசி விருந்தில், அரிசி மது உள்ளே போனபின் சொன்னது. சங்கத்தில் யாரும் மொரிஹிசாவை இரண்டாம் முறை பார்த்ததில்லை. பெயரைப் படித்ததுமே கீழே வைத்துவிடுவார்கள். அந்தக் கூச்சத்தில்தான் நிஷிகோரி அதை விற்றார். இப்போது குபோகியைப் பார்க்க எவ்வளவு அருவருப்பாக இருந்ததோ, அதில் பாதி தன்மேலேயே திரும்பியது.

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். விற்பதற்கு முன் அந்த அடிப்பகுதியின் மேல் மெல்லிய காகிதம் வைத்து, மைக்கட்டியால் தேய்த்து, பெயர் பதிந்த ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அதைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பியபோது மாடியில் விலாங்குமீன் சாப்பாட்டுப் பெட்டிகள் வந்திருந்தன. காகிதத்தை ஓமோரியின் முன்னால் விரித்தார்.

"ஓமோரி-சான், உங்களை ஏமாத்திட்டாங்க. இது மொரிஹிசா. அந்தப் பிளவோட வடிவத்தையும் இதுலயே ஓரத்துல வரைஞ்சிருக்கேன், வாளோட வச்சுப் பாருங்க."

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டிக்குள்ளேயே குனிந்துகொண்டார்கள். ஓமோரி மட்டும் அந்தப் படியை வெகுநேரம் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது.

"டாக்டர், இதுக்கு வேற படி இருக்கா?"

"இல்ல. இது ஒண்ணுதான்."

"அப்ப சரி."

ஓமோரி காகிதத்தை நாலாகக் கிழித்தார். எட்டாகக் கிழித்தார். சோயா சாஸ் மிச்சமிருந்த தட்டில் போட்டு, சாப்பிடும் குச்சியால் அமுக்கினார். மை கரைந்து சாஸோடு கலந்தது.

"வர்ற ஏப்ரல்ல இந்த வாள் கண்காட்சிக்குப் போகுது. என் பேரு போட்டு நோட்டீஸ் அடிச்சாச்சு. ஆறின விலாங்கு நல்லாவா இருக்கும்? உக்காந்து சாப்பிடுங்க, டாக்டர்."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்றன நாலைந்து குரல்கள், ரொம்பப் பிரியமாக. அந்தப் பிரியம்தான் நிஷிகோரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தட்டைப் பார்த்தார். இனி வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

காரைத் திறக்கும்போது குபோகி பின்னாலேயே ஓடிவந்தார். இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நீட்டினார்.

"உங்க சாப்பாட்டை விட்டுட்டு வந்துட்டீங்களே!"

நிஷிகோரியின் கைகள் தாமாக நீண்டு வாங்கிக்கொண்டன. இடுப்பு தானாக வளைந்தது. "ரொம்ப நன்றி" என்று வாய் சொல்லிவிட்டது.

ஆற்றுப்பாலம் வரை ஓட்டினார். காருக்குள் விலாங்கின் எண்ணெய் வாடை நிறைந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பெட்டியைத் திறக்காமலே குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பிப்ரவரிக் குளிர் முகத்தில் அறைய, வீட்டுக்கு ஓட்டினார்.